தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு

காரை வீட்டிலேயே பழுதுபார்க்க விரும்புவோர் முதலில் வாங்குவது ஜாக்கி. அதைவிட முக்கியமானது, தூக்கிய வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டு என்பேன். ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தாங்கி நிற்பது எண்ணெயின் அழுத்தமே. உள்ளிருக்கும் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் வண்டி இறங்கிவிடும். ஸ்டாண்டிலோ எடையைச் சுமப்பது இரும்பு. வண்டியோடு தரப்படும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே உரியது.

சிறிய கார்கள் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ளவை. பெரிய எஸ்யூவிகள் 2,000 கிலோவையும் தாண்டும். ஒரு முனையை மட்டுமே தூக்கினாலும், முழு எடையையும் தாங்கும் திறனுள்ள ஜாக்கியையே நான் பரிந்துரைப்பேன். முழுவதும் தாழ்த்திய நிலையில் அது வண்டிக்கடியில் நுழையுமா என்றும் அளந்து பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் மீது குறித்துள்ள திறன் ஒன்றுக்கா, இணைக்கா என்று கேட்டறிவது அவசியம்.

செங்கல்லும் சிமென்ட் பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்றாகா; அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை. சமமான கான்கிரீட் தரை, சக்கரங்களுக்கு அடைக்கட்டை, கையேட்டில் காட்டிய இடங்களில் முட்டு ஆகியவை இல்லாமல் எவரும் வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி விற்கும் கடைகள், ஒரு ஜோடி ஸ்டாண்டையும் சேர்த்தே விற்பதை வழக்கமாக்க வேண்டும்.