ஒரு தங்கப் பட்டைக்கு 5 ஆண்டு வழக்கு!

கவிஞர் சாசரும் சாட்சி சொன்னார்

1385-ம் ஆண்டு. இங்கிலாந்து ராஜா 2-ம் ரிச்சர்டு, ஸ்காட்லாந்து மீது படையெடுத்துச் சென்றார்.

அந்தப் படையில் ரிச்சர்டு ஸ்குரோப் என்ற பிரபுவும் இருந்தார். இங்கிலாந்தின் சான்சலர் பதவியை வகித்தவர். பெரிய செல்வாக்குக்காரர். படையில் மற்றொரு வீரரைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது.

காரணம், அந்த வீரரின் குலச்சின்னம்! நீல நிறம். அதன் மேல் சாய்வாக ஒரு தங்கப் பட்டை. அது ஸ்குரோப் குடும்பத்தின் சின்னம்.

அதை அணிந்திருந்தவர் செஷயர் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிரோவ்னர். அவரும் விட்டுக் கொடுக்கவில்லை. பரம்பரை பரம்பரையாக அது தன் வீட்டுச் சின்னமே என்று சாதித்தார்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. வீரர்களின் மான அவமான வழக்குகளை விசாரிக்கவே அந்த நாளில் தனிக் கோர்ட்டு இருந்தது.

முகத்துக்குப் பதில் கேடயம்

ஒரு பட்டைக்கா இத்தனை சண்டை என்று கேட்கலாம்.

அந்தக் காலத்து வீரன் தலை முதல் கால் வரை இரும்பு அணிந்திருப்பான். இரும்புத் தொப்பி முகத்தை மூடிவிடும். நண்பன் யார், பகைவன் யார் என்று எப்படித் தெரியும்? கேடயத்திலும் மேலங்கியிலும் தீட்டிய சின்னம்தான் அடையாளம். 12-ம் நூற்றாண்டில் இந்த வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. பிறகு அது தந்தையிடம் இருந்து மகனுக்குப் போகும் சொத்தாகவும் ஆகிவிட்டது. சின்னத்தைப் பறி கொடுப்பது, ஊரார் முன்னால் தகப்பன் பெயரைப் பறி கொடுப்பது போல!

நான்கே சொற்கள்

இந்தச் சின்னங்களுக்கு என்று ஒரு தனி மொழியே உண்டு. இங்கிலாந்தை ஆண்ட நார்மன் பிரபுக்கள் பிரெஞ்சு பேசியவர்கள். ஆகவே அந்த மொழியிலும் பிரெஞ்சுச் சொற்களே மிகுதி.

தங்கத்துக்கு "ஆர்". வெள்ளிக்கு "ஆர்ஜெண்ட்". இவை இரண்டும் உலோகங்கள். தங்கத்தை மஞ்சளாகவும், வெள்ளியை வெள்ளை நிறமாகவும் தீட்டலாம்.

சிவப்பு "கியூல்ஸ்". கறுப்பு "சேபிள்", கரிய ரோமம் கொண்ட ஒரு பிராணியின் பெயர் அது. பச்சை "வெர்ட்". நீலம் "அஷூர்", பாரசீகர்கள் நீலக்கல்லுக்கு வைத்த பெயரில் இருந்து வந்த சொல்.

உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது என்பது முக்கியமான விதி. மஞ்சள் மேல் வெள்ளை தீட்டினால் தூரத்தில் தெரியுமா? நீலத்தின் மேல் கறுப்புதான் தெரியுமா? போர்க்களத்தில் கண் ஏமாந்தால் உயிர் போய்விடும். அலங்காரத்துக்கு வந்த விதி அல்ல இது.

வலது, இடது விஷயத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வலது "டெக்ஸ்டர்", இடது "சினிஸ்டர்". ஆனால் யாருக்கு வலது? கேடயத்தைப் பிடித்திருப்பவனுக்கு! எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடது.

சிங்கத்துக்கும் பல பெயர்கள். பின்காலில் எழுந்து நின்று பாய்ந்தால் "ராம்பண்ட்". ஸ்காட்லாந்து சிங்கம் அப்படிப்பட்டது. ஒரு முன்காலைத் தூக்கி நடந்தால் "பாசண்ட்". நடந்துகொண்டே முகத்தைத் திருப்பி நம்மைப் பார்த்தால் "பாசண்ட் கார்டண்ட்". இங்கிலாந்தின் 3 சிங்கங்களும் இந்த வகை. தூங்கும் சிங்கம் "டார்மண்ட்".

ஸ்குரோப் சின்னத்துக்கு நான்கே சொற்கள் போதும்: "அஷூர், எ பெண்ட் ஆர்". முதலில் அடி நிறம், பிறகு அதன் மேல் உள்ள உருவம், கடைசியில் உருவத்தின் நிறம். "பெண்ட்" என்றால் சாய்வுப் பட்டை. படம் தொலைந்தாலும் கவலை இல்லை. இந்தச் சொற்களைக் கேட்டு எந்த ஓவியரும் சின்னத்தைத் தீட்டிவிடலாம்.

தெருவில் கண்ட பலகை

வழக்கில் நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள். ராஜாவின் சித்தப்பா ஜான் ஆப் காண்ட், ஸ்குரோப் பக்கம். பின்னாளில் வேல்ஸ் நாட்டின் விடுதலைக்காக வாள் தூக்கிய ஓவன் கிளிண்டூர், கிரோவ்னர் பக்கம்.

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் ஜெப்ரி சாசரும் 1386-ல் சாட்சி சொன்னார். பிரான்சில் நடந்த போரில் ஸ்குரோப் இதே சின்னத்தை அணிந்திருந்ததை நேரில் பார்த்தவர் அவர். (அந்தப் போரில் சாசர் பகைவரிடம் சிக்கினார். அவரை மீட்க ராஜா கொடுத்த பணம் 16 பவுன்.)

சாசர் இன்னொன்றும் சொன்னார். லண்டனில் பிரைடே தெரு வழியாக அவர் போனபோது, ஒரு வீட்டு வாசலில் இந்தச் சின்னம் தொங்கியதாம். ஸ்குரோப் இங்கேயா தங்கியிருக்கிறார் என்று விசாரித்தாராம். இல்லை, இது கிரோவ்னருடையது என்று பதில் வந்ததாம். கிரோவ்னர் என்ற பெயரையே அன்றுதான் முதலில் கேட்டாராம்! பல பக்க வாதத்தை விட இந்த ஒரு சாட்சியம் பலமானது.

ராஜாவின் தீர்ப்பு

1389-ல் தீர்ப்பு வந்தது. சின்னம் ஸ்குரோப்புக்கே. ஆனால், சுற்றிலும் வெள்ளிக் கரை சேர்த்து கிரோவ்னரும் அணியலாம்! கிரோவ்னர் இதை ஏற்கவில்லை. ராஜாவிடம் அப்பீல் செய்தார்.

அதனால் உள்ளதும் போயிற்று. கரை சேர்த்துக் கொள்வது ஒரே குடும்பத்து உறவினர்களுக்குத்தான் பொருந்தும், அன்னியருக்குப் போதாது என்று 1390-ல் ராஜா தீர்ப்பளித்தார். வெள்ளிக் கரையும் பறிபோனது.

கிரோவ்னர் புதுச் சின்னம் தேடினார். "அஷூர், எ கார்ப் ஆர்". அதாவது, நீலத்தில் தங்கக் கதிர்க்கட்டு. நிறங்கள் இரண்டும் பழையவைதான்; பட்டைதான் இல்லை!

கிரோவ்னர் வம்சம் பிற்காலத்தில் பெரும் செல்வம் சேர்த்து வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் பட்டமும் பெற்றது. ஆனால் தோல்வியை மறக்கவில்லை. முதல் டியூக் தன் பந்தயக் குதிரைக்கு "பெண்ட் ஆர்" என்று பெயர் சூட்டினார். 1880-ல் அது டெர்பி பந்தயத்தில் ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்தது.

உடனே எதிர்த்தரப்பு புகார் கொடுத்தது: ஓடியது "பெண்ட் ஆர்" அல்ல, ஆள் மாறாட்டம் போல் குதிரை மாறாட்டம் என்று! விசாரணை நடந்தது. இந்த முறை ஜெயித்தது டியூக்.