காணியைத் துண்டாக்கி விற்கும் கணினிக் கணக்கு

சிலாபத்துறை என்ற பெயர் முத்துச் சிலாபத்தினால் வந்தது என்பதை எம்மில் பலர் அறிவோம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் குவியல்களாகப் பிரிக்கப்படும். மூன்றில் ஒரு பங்கு சுழியோடிகளுக்கு, மிகுதி அரசாங்கத்துக்கு. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். சிப்பியைத் திறந்து பார்க்க இடமில்லை. உள்ளே முத்து உண்டா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

1905ஆம் ஆண்டு ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் அள்ளப்பட்டன. அந்த வருமானத்தைக் கண்டு 1906இல் ஓர் ஆங்கிலக் கொம்பனி இந்த முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 310,000 ரூபா. கொம்பனியின் பங்குகளை வைத்திருந்தோர் மன்னார்க் கடலைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்தது காகிதம். சிப்பி கிடந்தது அரிப்புக்கு அப்பால் கடலடியில். 1907இன் பின்னர் பார்களில் சிப்பி இல்லாது போயிற்று. கொம்பனியும் குத்தகைக் காலம் முடியுமுன்னரே மூடப்பட்டது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. காணி, வீடு, தங்கம், களஞ்சியத்து நெல் போன்ற கண்ணாற் காணும் சொத்துக்களைக் கணினியிலே சிறு சிறு பங்குகளாக்கி விற்கும் முறை ஒன்று உலகில் பரவி வருகின்றது. ஒவ்வொரு பங்கையும் டோக்கன் என்கிறார்கள். அதை எழுதிவைக்கும் கணக்கேட்டுக்குப் புளொக்செயின் என்று பெயர். வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலமாகவோ கைத்தொலைபேசி மூலமாகவோ இச்சொற்கள் எமது கிராமங்களுக்கும் வந்துவிட்டன.

புளொக்செயினை விளங்கிக் கொள்வது கடினமல்ல. சீட்டுப் பிடிக்கும் இருபது பேரை நினைத்துக் கொள்ளுங்கள். கணக்குக் கொப்பி தலைவியிடம் மட்டும் இருந்தால் அவர் ஒரு வரியை மாற்றினாலும் பிறர் அறியார். இருபது பேரிடமும் ஒரே கொப்பி இருந்து, புதிய வரி எழுதும்போது எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதினால்? ஒருவர் தன் கொப்பியைத் திருத்தினாலும் மற்றப் பத்தொன்பதும் காட்டிக் கொடுக்கும். இருபது கொப்பிக்குப் பதிலாக உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் என்று வைத்துக்கொண்டால் அதுவே புளொக்செயின்.

இந்த யோசனை எமக்கு முற்றிலும் புதிதுமல்ல. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலப்பிரதி காணிக்காரருக்குக் கிடைக்கிறது, ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கிறது, இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. இடப்பெயர்வில் உறுதியைப் பறிகொடுத்தவர்களும் பின்னர் பிரதி எடுக்க முடிவது இதனாலேயே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொப்பி எத்தனை இருந்தாலும் முதலில் எழுதியது பொய்யானால், அந்தப் பொய்தான் இருபது கொப்பியிலும் அழியாமல் நிற்கும். நீங்கள் முகாமில் இருந்தபோது உங்கள் வயலை வேறொருவர் தன் பெயரில் எழுதிக் கொண்டார் என்றால், கணினி அதை உண்மையாக்கிவிடாது. மாற்றுவதை மட்டும் கடினமாக்கும். ஜோர்ஜியா நாடு 2016இல் காணிப் பதிவுக்கு இம்முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. அங்கே பதிவேடுகள் ஏற்கனவே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. ஹொண்டூராஸில் 2015இல் அறிவிக்கப்பட்ட இத்தகைய திட்டம் இடைநடுவில் நின்றுபோனது.

டோக்கன் வாங்குபவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. பெரிய தொகைகள் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்கள் போன்றவற்றிலேயே இடப்படுகின்றன. பிளாக்ரொக் என்ற பெரும் நிறுவனம் 2024 மார்ச்சில் அப்படியொரு நிதியத்தைத் தொடங்கியது. அங்கே பத்திரத்துக்குப் பின்னால் அரசு நிற்கிறது. வீடுகளின் கதை வேறு. அமெரிக்காவின் டெட்ரொயிற் நகரில் ஒரு கொம்பனி நூற்றுக்கணக்கான வீடுகளை டோக்கன்களாக்கி உலகெங்கும் விற்றது. வீடுகள் பராமரிப்பின்றிப் பழுதடைந்தன என்று நகரசபை 2025இல் அக்கொம்பனிமீது வழக்குத் தொடர்ந்தது. கூரை ஒழுகினால் கேட்பதற்கு உரிமையாளர் ஆயிரம் பேர். ஏணி வைத்து ஏறுவதற்கு ஒருவருமில்லை.

எமது நாட்டில் நிலைமை என்ன? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணி கைமாறுவதற்கு நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளுடன் எழுதிய உறுதி வேண்டும். டோக்கன் அந்த உறுதி ஆகாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற வயலை உரிய அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றவும் முடியாது. கணினி நாணயங்களில் பணமிடுவதன் ஆபத்தைப் பற்றி மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்துள்ளது. ஆட்களைச் சேர்த்தால் பணம் தரும் பிரமிட் திட்டங்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை; புதிய பெயர் சூட்டினாலும் அவை பழைய சரக்கே.

இன்னொன்றும் உண்டு. முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் ஊரை விட்டு வெளியேறினர். நிலத்தின் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவிப்பு வர 2017 ஆயிற்று. 1990இல் முசலியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்தபோது வயல்கள் காடாகியிருந்தன. கையில் உறுதி இருந்தவர்களுக்கும் வேலி திறக்கவில்லை. அப்படியிருக்க, உறுதியின் நிழலான டோக்கன் எந்த வேலியைத் திறக்கும்?

ஆகவே உறுதியின் படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் தொலைபேசியில் அனுப்பும்படி யாராவது கேட்டால், பங்குத்தந்தையிடமோ கிராம அலுவலரிடமோ காட்டாமல் அனுப்ப வேண்டாம். வெற்றுத் தாளில் கையொப்பமிட வேண்டாம். செலவழிக்கப் பணமும் நாளும் இருந்தால் முதலில் காணிப் பதிவகத்துக்குப் போய் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் பேரேட்டைப் பார்க்கும்படி கேளுங்கள். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் நினைவில்லாதவர்கள், காணியின் பெயர், நாற்புற எல்லை, அயற்காணிக்காரரின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.