எடை குறைந்தது; பற்கள் நலமா?



காலைவேளையில் லேக் மார்க்கெட்டுக்குச் சென்றால் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் நம்மை வரவேற்கின்றன. பல தலைமுறைகளாகத் தென்னிந்தியர் வாழும் இப்பகுதியில் இட்லியும் உண்டு, ரசகுல்லாவும் உண்டு. ஊரைவிட்டு வந்து, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பிழைக்கிற நம்மில் அநேகருக்கு உடல் பருமனும் சர்க்கரை நோயும் கூடவே வந்துவிட்டன. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் பலன் தராதபோது, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைக் குறித்து மருத்துவர் பேசுகிறார். 2011-ல் நிதின் கட்கரியும் 2014-ல் அருண் ஜெட்லியும் இத்தகைய சிகிச்சை செய்துகொண்டதை நீங்கள் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

பருமனாயிருப்பவரைப் போஜனப்பிரியர் என்று கேலி பேசுவது தவறு. பரம்பரையும் சுரப்பிகளும் சில மருந்துகளும்கூட எடையைக் கூட்டுகின்றன. தேவையுள்ளவருக்கு இச்சிகிச்சை ஆயுளை நீட்டிக்கிற உதவியே. ஆனால் ஒரு கேள்வி: இருதயத்தையும் நுரையீரலையும் சோதித்துக்கொண்ட நீங்கள், வாயைத் திறந்து பல் மருத்துவரிடம் காட்டினீர்களா?

உள்ளே நடப்பது என்ன?

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 சதவீதம் அகற்றப்பட்டு, மீதி ஒரு குழாய்போல் ஆக்கப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறு பையாக்கப்பட்டுச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. உண்ணும் அளவு குறைகிறது, எடையும் குறைகிறது. வாயோ மூன்று விதங்களில் பாதிக்கப்படலாம்.

முதலாவது, அமிலம். விரைவாகவோ அதிகமாகவோ உண்டால் வாந்தி வருகிறது. ஸ்லீவ் செய்துகொண்ட சிலருக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் நீடிக்கின்றன. இரைப்பையின் அமிலம் மீண்டும் மீண்டும் பல்லில் பட, எனாமல் கரைகிறது. கரைந்த எனாமல் திரும்ப வளருவதில்லை. பல் கூசுகிறது, மஞ்சளாகிறது, ஓரங்கள் மெலிகின்றன.

இரண்டாவது, உலர்ந்த வாய். சிகிச்சைக்குப் பின் ஒரே மூச்சில் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க இயலாது. உணவோடு நீர் பருகவும் கூடாது என்கிறார்கள். நீர் குறைய, பற்களைக் கழுவிக் காக்கிற உமிழ்நீரும் குறைகிறது. இதற்குமேல் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாய் உண்ணும்போது, பற்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அந்தச் சிறிதளவும் மிஷ்டி தோயாகவோ பிஸ்கட்டாகவோ இருந்தால் சொத்தை விரைந்து வரும்.

மூன்றாவது, சத்துக்குறைவு. கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்தால் தாடையெலும்பு உட்பட எலும்புகள் பலவீனப்படும். பி12-ம் இரும்பும் குறைந்தால் நாக்கு எரியும், வாய் புண்ணாகும். வைட்டமின் சி குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும்.

ஈறுகளைப் பொறுத்தமட்டில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முதல் சில மாதங்களில் ஈறு நோய் கூடியதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. எடையும் சர்க்கரையும் குறைந்தபின் ஈறுகள் தேறியதாக வேறு சில கூறுகின்றன. ஆகவே பயப்பட வேண்டாம், அசட்டையாயிருக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிகிச்சைக்குப் பின் ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். கடைவாய்ப் பற்களை இழந்தவர் எப்படி மெல்லுவார்? மெல்லாத உணவு அடைத்து வாந்தியாகிறது. வாந்தியின் அமிலம் மீதமுள்ள பற்களையும் கெடுக்கிறது. இந்தச் சுழலில் சிக்கினவர் கஞ்சியும் இனிப்புப் பானமுமாய் வாழ்ந்து, எதற்காக அறுவை சிகிச்சை செய்தாரோ அந்தப் பலனையே இழக்க நேரிடும்.

செய்யவேண்டியவை

சிகிச்சைக்கு முன்பே சொத்தையை அடைத்து, ஈறுகளைச் சுத்தம் செய்து, தேவையானால் செயற்கைப் பல் பொருத்திக்கொள்ளுங்கள். வாந்தியெடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். அமிலத்தால் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். சமையல் சோடா ஒரு சிட்டிகை கலந்த நீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். ஃபுளோரைடு பற்பசை பயன்படுத்துங்கள். தண்ணீரைச் சிறு மிடறுகளாய் நாள் முழுவதும் பருகுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் விடாதிருங்கள். வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள்.

பல்வலிக்கு நீங்களாக மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வேண்டாம். ஐபுபுரூஃபன் போன்றவை, முக்கியமாகப் பைபாஸ் செய்துகொண்டவருக்கு, குடற்புண் உண்டாக்கக்கூடும். பல் மருத்துவரிடம் உங்கள் அறுவை சிகிச்சையைக் குறித்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உபவாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவரைக் கேளாமல், விசேஷமாகத் தண்ணீரின்றி, உபவாசிக்க வேண்டாம். போதகரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை.

நம் கொல்கத்தாவுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்ற டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1920-ல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை இங்கே தொடங்கினார். அதே அயோவாவில்தான் 1966-ல் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸ் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். அகமது அவர்களின் பெயரைத் தாங்கிய அரசு பல் மருத்துவமனை இன்றும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இயங்கிவருகிறது. தனியார் செலவுக்கு அஞ்சி வலியை மறைக்கிற சகோதரியே, அந்தக் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

வீட்டாரே, எடை குறைந்தவரைப் பார்த்து, “எத்தனை கிலோ இறங்கிற்று?” என்று மாத்திரம் கேளாதிருங்கள். “மென்று சாப்பிட முடிகிறதா? ஈறில் இரத்தம் வருகிறதா?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி தக்க காலத்தில் வந்தால், ஒரு பல் மாத்திரமல்ல, ஒருவருடைய போஜனமும் புன்னகையும் காக்கப்படும்.