திராட்சையின் புளிப்பும் நாசிக்கின் இரவும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், ஆண்டாப் ஹில், கோலிவாடா, மாட்டுங்கா என்று எங்கே திரும்பினாலும் கைவண்டியில் திராட்சை. "புளிக்குமா பையா?" என்று கேட்காமல் நம்மில் யாரும் வாங்குவதில்லை. "ஷக்கர் ஜைஸா ஹை" என்பார் வண்டிக்காரர். நமக்குப் புளிப்பு ஒரு குறை. ஆனால் அந்தப் பழம் வருகிற அதே நாசிக் மாவட்டத்தில், ஒயினுக்கென்று திராட்சை பயிரிடுகிறவருக்குப் புளிப்புத்தான் கவலை. அது போய்விடுமே என்ற கவலை! சங்க மலரில் மதுவா என்று முகம் சுளிக்க வேண்டாம். இது பழத்தைப் பற்றிய கட்டுரை, குடியைப் பற்றியதல்ல.

திராட்சையின் புளிப்புக்குக் காரணம் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சாம்பாருக்குக் கரைக்கிற புளியில் இருப்பதும் இதுவேதான். இன்னொன்று மாலிக் அமிலம்; ஆப்பிளின் புளிப்பு. காய் பச்சையாக இருக்கும்போது இரண்டும் நிறைய இருக்கும். நிறம் மாறிப் பழுக்கத் தொடங்கியதும் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும்.

ஏன் இறங்குகிறது? பழமும் நம்மைப்போல மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்கு எரிபொருள் வேண்டுமே! பழுக்கும் பருவத்தில் அதற்கு எரிபொருளாவது மாலிக் அமிலம். வெயில் ஏற ஏற மூச்சு வேகமாகும், அமிலம் விரைவில் தீரும். டார்டாரிக் அப்படி எளிதில் எரிவதில்லை. ஆகவே வெப்பமான ஊரில் பழம் இனித்தாலும் சப்பென்று இருக்கும். குளிர்ந்த ஊரில் இனிப்போடு ஒரு சுறுசுறுப்பும் இருக்கும். இதில் பகலைவிட இரவுக்குப் பங்கு அதிகம் என்றே சொல்வேன். பகலில் இலை சர்க்கரை சேர்க்கிறது; இரவில் அந்த வரவு இல்லை, மூச்சின் செலவு மட்டும் உண்டு. இரவு குளிர்ந்தால் அந்தச் செலவு குறைகிறது, அவ்வளவுதான்.

புளிப்பு வெறும் ருசி விஷயமல்ல. பி.எச். அளவு 3.2 ஆக இருக்கும் ஒயினைக் கெடாமல் காக்க வேண்டிய கந்தக டை ஆக்சைடு, 3.8 ஆகிவிட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு தேவைப்படும். ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதிகளில் டார்டாரிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்ப்பது சாதாரண வழக்கம். சேர்க்கலாம்தான், ஆனால் பழத்திலேயே இருந்த புளிப்பின் ருசி வேறு.

இனி நாசிக்குக்கு வருவோம். ஒயின் திராட்சை வழக்கமாக 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள் விளைவது. நாசிக் இருப்பதோ 20 டிகிரியில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் கொஞ்சம் கைகொடுக்கிறது. மீதியை விவசாயியின் கத்தரி செய்கிறது. வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று, மராட்டியில் கரட் சாட்ணி. அதில் வரும் கிளைகளில் மொட்டு உருவாகும். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் இன்னொன்று, ஃபள் சாட்ணி. அதில்தான் பழம். பழுப்பது ஜனவரியில், பகல் 28, 30 டிகிரி, இரவு 10 டிகிரி சுமாருக்கு இறங்கும். நிபாட் பக்கம் இன்னும் கீழே போவதுண்டு. 2000-இல் முதல் ஒயினை வெளியிட்ட சுலா தொடங்கி இங்கே வந்த ஆலைகளெல்லாம் நம்பியிருப்பது இந்தச் சில வாரக் குளிரைத்தான். நுரைக்கும் ஒயினுக்குப் புளிப்பு அதிகம் வேண்டும் என்பதால் அதற்கான பழத்தை முதலில் பறித்துவிடுகிறார்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் நினைவுக்கு வரலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். அங்கே வருஷம் முழுக்க அறுவடை உண்டு. ஆனால் நாசிக்கின் ஜனவரி இரவுபோல நடுக்கும் குளிர் கிடையாது. அதனால் அதன் பெயர் சாப்பிடும் பழத்துக்குத்தான் அதிகம்.

ஐரோப்பாவில் பழம் வெயிலில் தொடங்கிக் குளிரை நோக்கிப் பழுக்கிறது. நாசிக்கில் நேர்மாறு: குளிரில் தொடங்கி மார்ச் மாத 35 டிகிரியை நோக்கி ஓடுகிறது. இங்கேதான் சிக்கல். தோட்டத்தில் நின்றபடியே ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டுச் சர்க்கரையைப் பார்த்துவிடலாம்; அமிலத்தை அளக்கச் சோதனைச்சாலை வேண்டும். எளிதில் தெரிவதையே எல்லோரும் பார்க்கிறார்கள். சர்க்கரை இன்னும் ஒரு புள்ளி ஏறட்டும் என்று பத்து நாள் காத்திருந்தால் அந்தப் பத்து நாளில் புளிப்பு கரைந்துவிடுகிறது. விலை பேசும்போது இரண்டையும் அளந்து பேசுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

பூமி சூடாவது இதை இன்னும் இறுக்குகிறது. பிரான்ஸின் போன் நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிகளுக்குக் கணக்கு இருக்கிறது. 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னால் வந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் நகர இடம் இருந்தது, நகர்ந்தார்கள். நாசிக்காரர் எங்கே நகர்வது? அக்டோபருக்கு முன்னால் கவாத்து செய்தால் மழையில் அடிச்சாம்பல் நோய். பாக்லாண் பக்கம் சிலர் துணிந்து செய்கிறார்கள், அதுவும் சாப்பிடும் பழத்தின் முன்பருவ விலைக்காக. பின்னால் தள்ளினால் மார்ச் வெயில். 2019 போல அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் மழை விடாமல் அடித்தால் இருக்கிற இடைவெளியும் சுருங்கிவிடும். எனவே கையில் இருப்பது சின்னச் சின்ன வேலைகள்தான்: மதிய வெயில் குலையில் நேரே படாமல் இலையை விட்டுவைப்பது, விடிவதற்குள் பறித்து, பழம் சூடேறும் முன் ஆலையில் சேர்ப்பது.