கை கழுவினால் மட்டும் போதுமா?

கையைத்தான் கழுவுறோமே, முகக்கவசம் எதுக்குன்னு கொரோனா காலத்தில் நம்மில் பலர் கேட்டோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பொழுதுபோக்காகப் பாடும் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவில் நடந்ததைப் பார்ப்போம்.

2020 மார்ச் 10 அன்று 61 பேர் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினார்கள். கையைச் சுத்தம் செய்தார்கள், கட்டித் தழுவவில்லை. முகக்கவச விதி அப்போது வரவில்லை. ஒருவருக்குச் சளி இருந்தது. பரிசோதனையில் 33 பேர், அறிகுறியால் 20 பேர் என 53 பேருக்குக் கொரோனா. 2 பேர் இறந்தார்கள்.

பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் வரும். மூடிய கூடத்தில் காற்றிலேயே மிதக்கும். கை கழுவினால் அது போகாது. முகக்கவசம் வாயருகிலேயே பெருமளவு தடுக்கும்.

மூக்கையும் மூடணும், ஜன்னலையும் திறக்கணும். சளி, காய்ச்சல் இருந்தால் கூட்டத்துக்குப் போகாமல் இருப்போம்.