ரசீதில் நம்பர் இருந்தால் போதுமா?

மின்சார ரெயிலில் உண்டியல் குலுங்குகிறது. கடை வாசலில் ரசீது புத்தகம் நீள்கிறது. "அநாதை இல்லம் சார், ரிஜிஸ்டர் ஆன சங்கம் சார்" என்று பதிவு எண்ணையும் காட்டுகிறார்கள். பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு, ஜனங்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அந்த நம்பர் எதற்கு அத்தாட்சி? அப்படி ஒரு சங்கம் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான்! பணம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகிறது என்பதற்கு அல்ல.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. 7 பேர் சேர்ந்து, விதிகளை எழுதி, கட்டணம் கட்டினால் சங்கம் பதிவாகிவிடும். கணவன், மனைவி, மச்சான், மச்சினி என்று ஒரு குடும்பமே நாற்காலியைப் பிடித்துக் கொண்டால், உள்ளே இருந்து கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

12 படுக்கை

அதற்காக எல்லாரையும் சந்தேகப்படுவது தப்பு. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இப்படிப்பட்ட தொண்டில் முளைத்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அந்த நோய் வந்தாலே ஆளைக் கைகழுவிவிட்ட காலம் அது.

கணக்கு எங்கே?

பதிவான சங்கம் ஆண்டுதோறும் வரவு-செலவு கணக்கைப் பதிவாளர் ஆபீசில் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் செலுத்தினால் அதை யாரும் பார்க்கலாம். இந்த விஷயம் பலருக்குத் தெரியாது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் எழுதிக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். தானாகவே நடத்தவும் அதிகாரம் உண்டு.

ஆனால் அவர் மேஜைக்கு வருவது காகிதம். அரிசி மூட்டை இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காகிதம் சொல்லாது.

"டிரஸ்ட்" என்று போர்டு மாட்டியிருந்தால் இந்தச் சங்கச் சட்டமே பொருந்தாது. வரிச் சலுகை வேண்டுமென்றால் வருமான வரித் துறையிடம் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே பிடி கொஞ்சம் இறுகியிருக்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்குச் சலுகை இல்லை என்று 2017-ல் மாற்றினார்கள்.

மாட்டிக்கொண்டது யார்?

வெளிநாட்டு நன்கொடைக்கு 1976-லேயே சட்டம் உண்டு. 2010-ல் அதைப் புதிதாக எழுதினார்கள். 2020-ல் ஒரே கெடுபிடி! பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20 ஆனது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் தடை.

திருடனுக்கு வலை விரித்தது சரி. பெரிய நிறுவனத்தின் கையை நம்பி கிராமத்தில் வேலை பார்த்த சின்னச் சங்கங்கள் அல்லவா அதில் சிக்கின! ஆடிட்டர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர் எப்படியும் சமாளித்து விடுவார்.

உண்டியல் நீட்டுகிறவரிடம், "போன வருஷக் கணக்கு இருக்காப்பா?" என்று கேட்கக் கூச்சம் வேண்டாம். ஒழுங்காக நடக்கும் இல்லம் என்றால் "வந்து பாருங்க சார்" என்று விலாசம் சொல்வார்கள். லீவு நாளில் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். அரிசியோ, நோட்டுப் புத்தகமோ, என்ன தேவை என்று கேட்டு நேரிலேயே வாங்கிக் கொடுத்துவிடலாம்.