சக்கர நாற்காலியோடு உணவகத்துக்கு: போகுமுன் கேட்க வேண்டியவை



பிறந்த நாள், பிள்ளைகளின் பட்டமளிப்பு, ஊரிலிருந்து உறவினர் வருகை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக அமெரிக்காவில் நாம் அடிக்கடி வெளியே சாப்பிடப் போகிறோம். ஆனால் பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், இடுப்பு எலும்பு முறிவு போன்றவற்றால் சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ பல வீடுகளில் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்குத் தயிர் சாதம் போதும்" என்று அவர்களே சொல்லிவிடுவதால் நாமும் வற்புறுத்துவதில்லை. பிள்ளைகளுக்குச் சிரமம் தரக்கூடாது, நாலு பேர் முன்னால் நம்மைத் தூக்கிச் சுமக்கக்கூடாது என்ற கூச்சமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இதை உடல்நலப் பகுதியில் எழுதக் காரணம் உண்டு. தனிமையும் சமூகத் தொடர்பின்மையும் இதய நோய், பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் 2023இல் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. கார் ஓட்ட முடியாத, அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லாத நம் பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வெளியே போவது சிறிய விஷயமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏ.டி.ஏ. எனப்படும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. உணவகங்களும் இதில் அடங்கும். 1993 ஜனவரி 26க்குப் பிறகு புதிதாகப் பயன்பாட்டுக்கு வந்த கட்டடங்கள் சக்கர நாற்காலி செல்லும்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய கட்டடத்திலும், அதிகச் செலவும் சிரமமும் இல்லாமல் நீக்கக்கூடிய தடைகளை உரிமையாளர் நீக்க வேண்டும். "பழைய கட்டடம், அதனால் எங்களுக்கு விலக்கு" என்று சொல்வது சரியல்ல.

நினைவில் வைக்கச் சில அளவுகள்: திறந்த கதவின் வழி குறைந்தது 32 அங்குலம் இருக்க வேண்டும். மேசையின் உயரம் 28 முதல் 34 அங்குலம். அதன் அடியில் முழங்கால் நுழைய 27 அங்குல உயரம். நாற்காலி முழுவதும் திரும்ப 60 அங்குல விட்டமுள்ள இடம். சாய்தளம் ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். அதாவது 7 அங்குலப் படி ஒன்றே ஒன்று இருந்தாலும் 7 அடி நீளச் சாய்தளம் தேவை.

தொலைபேசியில் என்ன கேட்பது?

"வீல்சேர் வருமா?" என்று மட்டும் கேட்டால், "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். கீழ்க்கண்டவாறு கேளுங்கள்.

1. கார் நிறுத்துமிடத்திலிருந்து மேசை வரை மொத்தம் எத்தனை படிகள்? சாய்தளம் வேறு வாசலில் இருந்தால், நாங்கள் வரும் நேரத்தில் அது திறந்திருக்குமா?

2. சுவரோடு பொருத்திய பூத் இருக்கையோ உயர மேசையோ இல்லாமல், ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு வீல்சேரை நுழைக்கக்கூடிய மேசையை ஒதுக்க முடியுமா?

3. கழிவறை அதே தளத்தில் உள்ளதா? பக்கச்சுவரில் கைப்பிடி உண்டா? அங்கே பெட்டிகளையும் குழந்தை நாற்காலிகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்களா?

கேட்பதற்கு முன் உங்கள் நாற்காலியின் அகலத்தைச் சக்கரத்தின் வெளிப்பக்கம் வரை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். கைப்பிடி மேசையில் இடித்தால் தட்டு எட்டாது.

"ரெண்டு பேரா தூக்கிடறோம்" என்று ஊழியர்கள் அன்போடு சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பல நாற்காலிகளில் கைப்பிடியும் கால்தாங்கியும் கழன்று வரக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். உட்கார்ந்திருப்பவர் விழுவார், தூக்கியவர் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

சாப்பிடும்போது

கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெரியவர்கள் உண்டு. இதனால் தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் வரலாம். நீர் மாத்திரையை அன்று மட்டும் தாமாக நிறுத்துவதும் ஆபத்து; நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பக்கவாதம் வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, அவசரமின்றிச் சாப்பிட வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தால், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் சொன்ன பக்குவத்தையே வெளியிலும் பின்பற்றுங்கள். மேசையருகே வந்ததும் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். பஃபே என்றால் சூடான சாம்பார், ரசத்தை மடியில் வைத்துக்கொண்டு வர விடாதீர்கள். மரத்துப்போன கால்களில் சுட்டது கூடத் தெரியாது.

பரிமாறுபவர் "அவருக்கு என்ன வேண்டும்?" என்று நம்மைக் கேட்டால், "அப்பா, நீங்களே சொல்லுங்க" என்று மெனுவை அவர் கையில் கொடுப்போம். தனக்கு வேண்டியதைத் தானே சொல்லும் மகிழ்ச்சி தனி.

உணவகம் நடத்தும் நண்பர்களுக்கு

முந்தைய ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மிகாத, அல்லது முழுநேர ஊழியர் 30 பேருக்கு மிகாத நிறுவனங்கள், இத்தகைய மாற்றங்களுக்கான தகுதியுள்ள செலவில் பாதியை, ஆண்டுக்கு 5,000 டாலர் வரை, கூட்டாட்சி வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

இதே கேள்விகளைப் பொங்கல் விழாவுக்கும் தீபாவளி விருந்துக்கும் அரங்கம் எடுக்கும்போது நாமும் கேட்க வேண்டும். படியில்லாத வாசலும் நல்ல கழிவறையும் உள்ள உணவகம் உங்களுக்குத் தெரிந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். இன்னொரு வீட்டில் தயிர் சாதத்தோடு தனியே இருக்கும் ஒருவருக்கு அது உதவும்.